பட்டுச்சுங்

கருப்புப் பட்டைத் தேர்வுக்கு ஒரு படிவம்.
ஏழாம் கேள்வி:
உங்களை உருவாக்கிய வீரர் யார்?
ஐந்து வரிகளுக்குள் எழுதுக.

பேக்கரிக்கு மேல்மாடி எங்கள் பயிற்சிக்கூடம்.
பன் வேகும் வாசத்துக்கு நடுவேதான்
வயிற்றை இறுக்கிக் குத்தப் பழகினோம்.
சுவரில் ஐந்து பேர் படம்.
ஒருவருக்குச் சட்டையில்லை, ஒருவருக்கு வெண்தாடி.
கோகிலவாணி அண்ணாந்து பார்த்து
எழுத்துப் பிழையோடு ஒரு ஜப்பான்காரர் பேரை எழுதிவிட்டாள்.
நான் எழுத வேண்டியவள்
சுவரில் இல்லை.

தாராபுரம். ஆடி மாதம்.
கல்யாண மண்டபத்துக்குப் பின்னால்
பந்தல் போட்டுப் பாய் விரித்திருந்தார்கள்.
பாய் பறக்காமலிருக்க மூலைக்கு மூலை
சாம்பார் அண்டா.
நான் சிவப்பு. அவள் நீலம்.
சென்னிமலை சௌடேஸ்வரி என்று மைக்கில் சொன்னார்கள்.

மூன்றுக்கு மூன்று. பத்து நொடி பாக்கி.
கணவாய்க் காற்று ஒரு முறம் மண்ணை
அள்ளி எறிந்தது பந்தலுக்குள்.
நடுவர்கள் நால்வரும் கண்ணைக் கசக்கினார்கள்.
அந்த நேரம் பார்த்து என் கால்
அவள் விலாவைத் தொட்டு வந்தது,
தீப்பெட்டியில் குச்சி உரசின அளவுக்கு.
கொடி எதுவும் எழவில்லை.
போச்சு என்று நின்றேன்.

அவள் காவலை இறக்கினாள்.
வருகைப் பதிவுக்குக் கை தூக்குகிற மாதிரி
கை தூக்கினாள்.
"பட்டுச்சுங்."
"எங்க?" என்றார் நடுவர்.
"இங்கங்," என்று தொட்டுக் காட்டினாள்.

கோப்பை எனக்கு.
அவளை அவள் மாஸ்டர் எல்லோர் முன்னாலும் வைதார்.
தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.
போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
நான் படமெடுக்கப் போய்விட்டேன்.

பிறகு பனியன் கம்பெனி, செக்கிங் டேபிள்.
ஒரு சனிக்கிழமை என் கணக்கில்
நானூற்றுப் பன்னிரண்டு பீஸ்
ஐநூற்றுப் பன்னிரண்டு என்று ஏறியிருந்தது.
நூறு பீஸ் காசு, பாதி கேஸ் சிலிண்டர்.
யாரும் பார்க்கவில்லை. மண்ணும் அடிக்கவில்லை.
விலாவுக்குக் கீழே ஓரிடம்,
என்னை யாரும் அடித்திராத இடம்,
வலித்தது.
கை தூக்கினேன்.
"எங்க?" என்றார் சூப்பர்வைசர்.

பெருமைக்குச் சொல்லவில்லை.
அதற்கு முந்தின மாதம்
எண்பது பீஸை வாய்திறக்காமல் விழுங்கியவள்தான் நான்.

போன தைப்பூசத்துக்குச் சென்னிமலை போனபோது
ஒரு போர்வைக் கடையில் அவள்.
இடுப்பில் பிள்ளை, கழுத்தில் அளவு நாடா.
மூச்சு விடாமல் சொன்னேன்,
ஆடி, அண்டா, மண், கை தூக்கியது.
யோசித்தாள்.
"தாராபுரத்துக்கு ரெண்டு மூணு வாட்டி வந்தனுங்.
எதுன்னு நெனப்பில்லீங்.
பச்சப் பட்டையோட நிறுத்திப்போட்டனுங் நானு."
"காத்து மண்ண வாரி அடிச்சுதே..."
"ஆடிக்காத்துன்னா அடிக்கத்தானுங் செய்யும்," என்று சிரித்தாள்.

ஆறு வருடமாக நான் சுமந்து திரிந்தது
அவளிடம் ஒரு குண்டுமணி எடைகூட இல்லை.
கொஞ்சம் கோபம்கூட வந்தது.

காசு கொடுத்துவிட்டேன்.
போர்வையை மடிக்கப் போனவள் நிறுத்தி,
வெளிச்சத்துக்கு விரித்துப் பிடித்தாள்.
"இதுல ஒரு எழ அறுந்திருக்குதுங்.
சித்த இருங்க, வேற தாரேன்."
எனக்கு எத்தனை பார்த்தும்
அந்த இழை தெரியவில்லை.

எட்டாம் கேள்வி: அவ்வீரரின் தரம்?
பச்சை, என்று எழுதினேன்.

மாஸ்டர் அதில் வட்டம் போட்டார்.
"கருப்புக்குப் போற புள்ள
பச்சைய எழுதறதா?
அடிச்சுட்டு வேற பேரு எழுது."

பேனாவை வாங்கிக்கொண்டேன்.
அடிக்கவில்லை.